கால் மரத்துப் போகிறதா? நரம்புப் பரிசோதனைக்கு அஞ்ச வேண்டாம்

ஃபஜ்ர் தொழுதுவிட்டு எழுந்த பெரியவர் ஒருவரின் பாதத்திலிருந்து ரத்தம் கசிந்து பாயில் பட்டிருந்தது. முள் குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. பல வருடச் சர்க்கரை நோயாளி. நரம்புப் பரிசோதனைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தும், "கரண்ட் வைப்பாங்களாமே ஹஜ்ரத்!" என்று பயந்து தள்ளிப்போட்டு வந்திருக்கிறார். நம் குடும்பங்களில் பலருக்கும் இந்தப் பயம் உண்டு.

அப்படி என்னதான் செய்கிறார்கள்? தோலின் மேல் சிறு பட்டைகளை ஒட்டி, நரம்பு செல்லும் பாதையில் லேசான மின்துடிப்பு கொடுக்கிறார்கள். கணநேரம் சுளீரென்று இருக்கும். விரல் தானாகத் துடிக்கும். ஆபத்தில்லை. கையில் என்றால் மணிக்கட்டில் ஒருமுறை, முழங்கையில் ஒருமுறை. இரண்டு இடங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை நேர வித்தியாசத்தால் வகுத்தால் நரம்பின் வேகம் கிடைத்துவிடும். தூரம் 25 செ.மீ., வித்தியாசம் 5 மில்லி செகண்ட் என்றால் வேகம் நொடிக்கு 50 மீட்டர். பெரியவர்களுக்குப் பொதுவாகக் கையில் 50 மீட்டரும் காலில் 40 மீட்டரும் அதற்கு மேலும் இருப்பது இயல்பு.

இந்த வேகத்தை அளக்கவே முடியாது என்று ஒரு காலத்தில் அறிஞர்களே கருதினார்கள். 1850இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் அதை அளந்து காட்டினார்.

நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைந்தால் வேகம் குறையும். உள்ளிருக்கும் இழை பழுதானால் துடிப்பின் அளவு சிறுத்துவிடும். மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறதா, சர்க்கரையால் வந்த பாதிப்பா என்று பிரித்தறிய இது உதவும். காரணம் தெரிந்தால்தான் சிகிச்சையும் சரியாக அமையும். ஆனால் மிக மெல்லிய நரம்பிழைகளின் பாதிப்பு இதில் தெரியாது. எனவே ரிப்போர்ட் நார்மல் என்று வந்தும் கால் எரிச்சல் தொடர்ந்தால் டாக்டரிடம் மறுபடி சொல்லுங்கள்.

பரிசோதனை நாளில் தைலம், கிரீம் தடவ வேண்டாம். கை, கால் குளிர்ந்திருந்தால் வேகம் குறைவாகக் காட்டும். பேஸ்மேக்கர் வைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெண்கள், பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.

நோய்க்கு மருத்துவம் தேடுவது நபிவழி. அதைத் தள்ளிப்போடுவது தவக்குல் ஆகாது. உளூவில் கால் கழுவும்போது விரல் இடுக்கையும் உள்ளங்காலையும் கண்ணால் பாருங்கள். பார்வை மங்கியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். உணர்விழந்த காலுக்கு அந்தப் பார்வைதான் காவல்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக! ஆமீன்.