மடிப்புச் சைக்கிள்: லண்டன் ரயிலுக்கு ஒன்று, கிறவல் வீதிக்கு இன்னொன்று

லண்டனில் இருக்கும் அண்ணன் ஊருக்கு வர முன்னர், "தங்கச்சிக்கு ஒரு மடிப்புச் சைக்கிள் கொண்டுவரட்டோ?" என்று கேட்கிறார். தங்கச்சி இருப்பது மீள்குடியேறிய ஒரு கிராமத்தில். பஸ் ஏறும் சந்திக்கு மூன்று கிலோமீற்றர் கிறவல் வீதி. என்ன பதில் சொல்வது?

அதிகம் அறியப்பட்ட இரண்டு வகைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்று, 1970களின் நடுப்பகுதியில் அன்ட்ரூ ரிச்சி என்ற பொறியியலாளர் லண்டனில் வடிவமைத்த பிறம்ப்டன். மற்றையது, டேவிட் ஹொன் 1982இல் அமெரிக்காவில் தொடங்கிய டஹோன். 1970களின் எண்ணெய் நெருக்கடிதான் ஹொன்னைச் சைக்கிளின் பக்கம் திருப்பியது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் வாழ்ந்து, 2022இல் மீண்டும் எரிபொருள் வரிசையில் நின்ற நமக்கு இது புதிய கதையல்ல.

முதல் வேறுபாடு சில்லு. ரயரோடு சேர்த்து அளந்தால் நம்முடைய 28 இஞ்சிச் சைக்கிளின் சில்லு சுமார் 71 சென்ரிமீற்றர். பரவலாகக் காணப்படும் 20 இஞ்சி டஹோனில் சுமார் 50. பிறம்ப்டனில் 42 மட்டுமே. பெரிய சில்லு உருண்டு கடக்கும் கிடங்கில் சிறிய சில்லு இறங்கி முட்டும். பிறம்ப்டனின் பின்பக்கத்தில் உள்ள இறப்பர்க் கட்டை இருக்கைக்கு வரும் அதிர்வைக் குறைக்கும். ஆனால் முன்சில்லின் அடி நேரே கைக்கு வரும். டஹோனில் பெரும்பாலும் அப்படி ஒரு கட்டை இல்லை. பெரிய சில்லும் அகலமான ரயருமே அந்த வேலையைச் செய்கின்றன. கிறவலில் இதுவே மேல்.

இரண்டாவது, ஹாண்டில். இரண்டும் சட்டென்று திரும்பும். ஒற்றைக் கையால் ஓடிப் பழகியவருக்கு முதலில் தடுமாறும். பிறம்ப்டன் கூடுதலாகத் துள்ளும். ஆனால் அதன் முன்பை ஹாண்டிலில் அல்ல, சட்டத்தில் கொழுவப்படுவதால் பாரம் ஏற்றினாலும் ஹாண்டில் இழுக்காது.

மூன்றாவது, பாரம். ஓடுபவரும் சுமையுமாக இரண்டுக்கும் சுமார் 105 முதல் 110 கிலோதான் எல்லை. பின்னால் ஆள் ஏற்ற முடியாது. 1995 இடப்பெயர்வில் வீட்டுச் சாமான்களைக் கட்டி உருட்டிய சைக்கிளின் வேலையை இவற்றிடம் எதிர்பார்க்கக்கூடாது.

மடிப்பதில் பிறம்ப்டனே முன்னுக்கு நிற்கிறது. மடித்தால் சுமார் 65 சென்ரிமீற்றர் நீளம், 27 அகலம். லண்டன் நிலக்கீழ் ரயிலில் மடித்த சைக்கிளை எந்த நேரமும் கொண்டுபோகலாம் என்பதால் அங்கே அதன் அருமை தெரியும். டஹோன் மடித்தாலும் சுமார் 80 சென்ரிமீற்றர் வரும். நெரிசலான பஸ்ஸில் அது கரைச்சல்தான்.

கடைசியாக, ரயர். டஹோனின் 20 இஞ்சி றிம் பிள்ளைகளின் பிஎம்எக்ஸ் சைக்கிள் அளவே. ரயரும் ரியூப்பும் ஊர்க் கடையிலேயே தேடலாம். பிறம்ப்டனின் 349 மில்லிமீற்றர் றிம்முக்கு ரயர் வெட்டுப்பட்டால் லண்டனிலிருந்து வரும்வரை சைக்கிள் மூலையில்தான்.

ஆகவே அண்ணனுக்குச் சொல்லக்கூடிய பதில் இதுதான். கொண்டுவருவதென்றால் 20 இஞ்சியைக் கொண்டுவாருங்கள். சந்தியில் சைக்கிளை விட்டுச்செல்லப் பாதுகாப்பான இடம் இருந்தால் அதுவும் தேவையில்லை. அந்தக் காசில் இங்கேயே ஒரு 28 இஞ்சிச் சைக்கிள் வாங்கிக் கொடுங்கள். மூன்று கிலோமீற்றர் கிறவலுக்கு அதைவிட நல்லது இல்லை.