உள்ளமும் சமயமும்: சேர்த்துக் கற்பது ஏன்?

பாம்பனைக் கடந்து இராமேசுவரம் செல்லும் சாலையில் வருவது அக்காள்மடம், அடுத்தது தங்கச்சிமடம். யாத்திரிகர் தங்கி இளைப்பாறும் இடத்தையும் மடம் என்பர். ஊர்ப் பெயரிலும் சமயம் கலந்த கடற்கரை இது. இதே மாவட்டத்திலுள்ள ஏர்வாடி தர்காவுக்கு, மனநோயாளிகளை அவர்களின் குடும்பத்தார் மத வேறுபாடின்றி அழைத்து வருவது நெடுநாள் வழக்கம்.

2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில், ஏர்வாடியிலிருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றிக்கொண்டது. நோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். தப்பியோட வழியின்றி 28 பேர் மாண்டனர்.

மருத்துவமனை இருக்க, மக்கள் ஏன் தர்காவையும் கோயிலையும் நாடுகிறார்கள்? 'மூடநம்பிக்கை' என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாமா?

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் ரகுராமும் அவருடைய குழுவினரும் இதை 2000-ஆம் ஆண்டில் ஆராய்ந்தனர். தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளின் நோய்க்குறிகளை, அவர்கள் வந்தபோதும் புறப்பட்டபோதும் மதிப்பெண் இட்டு அளந்தனர். நோயாளிகள் சராசரியாக ஆறு வாரம் தங்கினர். துணைக்கு உறவினர் ஒருவரும் இருந்தார். எளிய வழிபாடும் கோயிலில் சிறு வேலைகளுமே அவர்களின் அன்றாட வாழ்க்கை. நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன! அச்சமற்ற, ஆதரவான சூழலே இதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர்.

ஆயினும் மாணவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். கோயிலுக்கு வராத நோயாளிகளோடு இவர்களை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எனவே, மருந்து வேண்டாம் என்ற முடிவுக்கு இந்த ஆய்வைக் கொண்டு வந்துவிடக் கூடாது.

இங்கேதான் இரண்டு படிப்புகளும் தேவைப்படுகின்றன. நோய்க்குறிகளை அறியவும் அளக்கவும் உளவியல் கற்பிக்கிறது. நேர்த்திக்கடன், 'பேய் பிடித்தது' என்னும் பேச்சு ஆகியவை ஒரு குடும்பத்துக்கு என்ன பொருள் தருகின்றன என்பதைச் சமயவியல் விளக்குகிறது. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1901-02-இல் எடின்பரோவில் சமய அனுபவங்களைப் பற்றிச் சொற்பொழிவாற்றி இத்துறைக்கு வழிகாட்டினார். கடவுள் உண்டா என்பதை உளவியல் தீர்மானிக்க இயலாது. நம்பிக்கை மனிதரின் வாழ்வில் என்ன செய்கிறது என்பதை அது ஆராயலாம்.

மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. ஏர்வாடியில் பிரார்த்தனையோடு மருத்துவமும் கிடைக்கச் செய்யும் திட்டமும் ஏற்பட்டது. குடும்பத்தின் நம்பிக்கையைப் பழிக்காமல் கேட்கத் தெரிந்தவர் சொன்னால், மருந்தையும் அவர்கள் ஏற்பார்கள். அத்தகையோர் இக்கடற்கரைக்குப் பலர் வேண்டும். உங்களுள் சிலர் அதற்கு முன்வரலாமே!