டி.வி.யா? கம்ப்யூட்டரா? தீபாவளி போனஸ் வந்ததும் வீட்டுக்கு வீடு பட்டிமன்றம்!

விருதுநகர்,
தீபாவளி போனஸ் கைக்கு வந்துவிட்டால் போதும். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் பல வீடுகளில் சண்டை ஆரம்பம்!

“பெரிய டி.வி. ஒண்ணு வாங்குவோம்” என்பார் அப்பா. “கம்ப்யூட்டர்தான் வேணும்” என்று ஒற்றைக்காலில் நிற்பாள் மகள். அம்மாவோ பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, “முதல்ல வட்டியைக் கட்டணும்” என்பார்.

இந்தச் சண்டையை ஒரு காலத்தில் அரசாங்கமே தீர்த்துவைத்தது. 2006-ல் வந்த ஆட்சி டி.வி. கொடுத்தது. 2011-ல் வந்த ஆட்சி கம்ப்யூட்டர் கொடுத்தது. இரண்டுமே காசில்லாமல் வந்த வீடுகள் இங்கே ஏராளம். எது எதற்கு உதவியது?

இலங்கைப் படம்

சென்னையில் டி.வி. நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்டு 15-ந் தேதி. ஆனால் அந்தப் படம் விருதுநகர் வரை எட்டவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாகினி வந்தது. வசதி படைத்தவர்கள் மொட்டை மாடியில் ஆண்டெனாவை உயரக் கட்டி அதைப் பிடித்தார்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் அதிசயம்தான்!

தெருவுக்கு ஒரு வீட்டில் டி.வி. இருந்த காலம் அது. மற்றவர்கள் அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். இடம் கிடைக்காத பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். “போதும், போங்க” என்று கதவைச் சாத்தினால் அழுதுகொண்டே திரும்பினார்கள்.

வந்தது கலர் டி.வி.!

அந்தக் கதவை உடைத்தது 2006. தேர்தலில் சொன்னபடி, அன்றைய முதல்-அமைச்சர் கருணாநிதி செப்டம்பர் 15-ந் தேதி, அண்ணா பிறந்த நாளில், இலவச கலர் டி.வி. திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 14 அங்குல டி.வி. ஐந்து வருடத்தில் 1½ கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் போனது.

டி.வி. இலவசம். கேபிள் இலவசம் அல்ல! மாதா மாதம் பணம் கட்ட வேண்டியிருந்தது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் ரூ.70 கட்டணத்தில் வந்த பிறகுதான் பலருக்கு மூச்சு வந்தது.

தீப்பெட்டி ஒட்டும் வீடுகளுக்கு டி.வி. தோதான பொருள். கை வேலை பார்க்கும், காது கதை கேட்கும். சம்பாத்தியம் குறையாது. கம்ப்யூட்டர் அப்படி அல்ல. அதன் முன் உட்கார்ந்தால் கண்ணும் கையும் அதற்கே போய்விடும். “வேலையைக் கெடுக்கிற சாமான்” என்று பெரியவர்கள் முகம் சுளிக்க அதுவும் ஒரு காரணம்.

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர்

2011-ல் ஆட்சி மாறியது. டி.வி. திட்டம் நின்றது. அதே செப்டம்பர் 15-ந் தேதி, அன்றைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா இலவச லேப்-டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசு பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவ-மாணவிகளுக்குக் கிடைத்தது. திட்டம் நடந்த வருடங்களில் சுமார் 50 லட்சம் பேர் வாங்கினார்கள்.

இதிலும் கூத்து இல்லாமல் இல்லை. சிலர் வந்த விலைக்கு விற்றார்கள். பள்ளிக்கூட அறையில் அடுக்கிவைத்திருந்த லேப்-டாப்களைப் பூட்டை உடைத்துத் தூக்கிய ஆசாமிகள் மீது தமிழ்நாட்டில் பல ஊர்களில் வழக்குகள் பதிவாயின. சினிமாப் படம் ஏற்றி அதையே டி.வி.யாக்கிய வீடுகளும் உண்டு.

விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி ஊழல் ஆகாது என்று 2013 ஜூலை 5-ந் தேதி கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. ஆனால் இதற்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் கமிஷனுக்கு உத்தரவிட்டது.

கரண்டு போனதும்...

2012-ல் மின்வெட்டு மாநிலத்தையே உலுக்கியது. சென்னைக்கு வெளியே பாதி நாள் கரண்டு இல்லை. டி.வி. மூலையில் செத்துக்கிடந்தது. லேப்-டாப்போ பேட்டரியில் கொஞ்ச நேரமாவது ஓடியது.

சிவகாசிக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. இங்கே பட்டாசு மட்டும் அல்ல, அச்சுத் தொழிலும் சோறு போடுகிறது. காலண்டர், டைரி, பட்டாசு லேபிள் எல்லாம் இன்று கம்ப்யூட்டரில்தான் உருவாகின்றன. வீட்டில் தட்டிப் பழகிய பிள்ளைக்கு மருந்து அறைக்குப் போகாமல் அச்சகத்தில் நாற்காலி கிடைக்க ஒரு வழி உண்டு. உயிருக்குப் பயம் இல்லாத வேலை!

2020-ல் பள்ளிக்கூடம்

2020-ல் கொரோனா வந்து பள்ளிக்கூடங்கள் மூடின. அப்போது டி.வி.க்குத் திடீர் மரியாதை! 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வி தொலைக்காட்சியில் பாடம் நடந்தது. பிளஸ்-2 மாணவர்களுக்கு லேப்-டாப்பில் பாட வீடியோ ஏற்றிக்கொடுத்தார்கள்.

வித்தியாசம் அப்போதுதான் புரிந்தது. டி.வி. வாத்தியார் நிற்கமாட்டார். புரியாவிட்டாலும் போய்க்கொண்டே இருப்பார். லேப்-டாப் வாத்தியாரை நிறுத்தலாம், திரும்பச் சொல்லவைக்கலாம். இரண்டும் இல்லாத வீட்டில் அப்பாவின் செல்போன்தான் பள்ளிக்கூடம். அப்பா வேலைக்குப் போனால் பள்ளிக்கூடமும் கூடவே போனது!

அதன் பிறகு லேப்-டாப் விநியோகம் நின்றது. 2025 மார்ச் பட்ஜெட்டில், 2 வருடத்தில் 20 லட்சம் பேருக்கு லேப்-டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். அது கல்லூரி மாணவர்களுக்கு. பிளஸ்-2 படிக்கிற பிள்ளைக்கு அதில் இடம் இல்லை.

2023-ல் பிளஸ்-2 தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் விருதுநகர். பரீட்சையில் ஜெயித்த பிள்ளை கல்லூரியில் போய் முதல்முறையாகக் கீ-போர்டைத் தொட்டுத் திணறக்கூடாது அல்லவா?

என்ன செய்யலாம்?

டி.வி. வேண்டாத பொருள் அல்ல. நாளெல்லாம் உழைத்து அலுத்து வருகிற மனிதருக்கு அது ஆறுதல். வயசான பெரியவர் இருக்கிற வீட்டில் அதுவே துணை. ஆனால் படமும் பாட்டும் இப்போது செல்போனிலேயே வந்துவிடுகின்றன. பழைய டி.வி. ஓடுகிறவரை ஓடட்டும்.

வீட்டில் பத்தாம் வகுப்பு தாண்டிய பிள்ளை இருக்கிறதா? பணத்தை எண்ணுவதற்கு முன்னால், “இதில் நீ என்ன கத்துக்கப் போறே?” என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் சரியாக வந்தால் அப்பா இந்த வருடம் விட்டுக்கொடுக்கலாம்.

டி.வி. அடுத்த தீபாவளிக்கும் கடையில் இருக்கும். பிள்ளையின் பிளஸ்-2 அடுத்த தீபாவளி வரை காத்திருக்காது!