சென்னையை விட்டு மதுரைக்கு மாறலாமா? வாடகைக்கு முன்னால் போட வேண்டிய கணக்கு

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மாட்டுத்தாவணி ஆம்னி பஸ் நிலையத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். முதுகில் லேப்டாப் பை, கையில் அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரை, இட்லிப்பொடி டப்பா, காதில் ஹெட்போன். சென்னைக்கும் பெங்களூருக்கும் ஒரு தலைமுறையே ஏறிக்கொண்டிருக்கும். வழியனுப்ப வந்த அப்பா ஜன்னலோரம் நின்று கேட்பது பெரும்பாலும் இதுதான்: "இங்கயேதான் கம்பெனியெல்லாம் வந்துருச்சுல்லப்பா, வந்துற வேண்டியதுதானே?"

கேள்வி சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் இன்றைக்கு இது நிறைய பேர் வீட்டில் ஓடும் விவாதம். மதுரைக்காரர்களுக்கு மட்டுமல்ல, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர் பக்கம் ஊர் இருப்பவர்களுக்கும் மதுரைதான் 'ஊருக்குப் பக்கத்துல ஒரு வேலை'. பேச்சு ஆரம்பிப்பது எப்போதும் வாடகையில்: "அங்க குடுக்கிற காசுக்கு இங்க தனி வீடே கிடைக்கும்." உண்மைதான். ஆனால் முடிவை மாற்ற வேண்டிய கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது.

மதுரையில் இப்போது என்ன இருக்கிறது?

இலந்தைகுளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் ஐ.டி. வளாகங்கள் இயங்குகின்றன. எச்.சி.எல்., ஹனிவெல், பின்னக்கிள் இன்ஃபோடெக் போன்ற நிறுவனங்கள் மதுரையில் ஆள் எடுக்கின்றன. மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. திட்ட மதிப்பு ரூ.314 கோடி, பரப்பு 5.34 லட்சம் சதுர அடி.

இங்கே ஓர் எச்சரிக்கை. மதுரைக்காரர்களுக்கு அடிக்கல் புதிதல்ல. எய்ம்ஸ் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று மத்திய பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது 2015இல். தோப்பூரில் அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் 2022இல் சேர்ந்தபோது வகுப்பு நடந்தது ராமநாதபுரத்தில்!

மெட்ரோ ரயிலும் அப்படித்தான். திருமங்கலத்தில் இருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கி.மீ. என்று திட்ட அறிக்கை போனது. 2025 நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ கொள்கைப்படி நகரத்துக்கு 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும். 2011 கணக்கெடுப்பில் மதுரை நகரமும் ஒட்டிய பகுதிகளும் சேர்ந்தே 14.65 லட்சம்தான். பதினான்கு வருடத்துக்கு முந்தைய எண்ணிக்கையை வைத்து ஒரு நகரத்தை அளப்பது சரியா என்பது தனி விவாதம். உங்களுக்கு வேண்டியது இதுதான்: திறந்த கட்டடத்தை நம்பி வீடு மாறுங்கள், அடிக்கல்லை நம்பி மாறாதீர்கள்.

சம்பளம் குறையும், செலவும் குறையும். சரியாகிவிடாதா?

முதல் மாதம் சரியாகிவிடும். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். (உங்கள் எண்களைப் போட்டு நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள்.)

சென்னையில் கைக்கு 80,000 வாங்கும் ஒருவருக்கு மதுரையில் 62,000 தருகிறார்கள். மாதம் 18,000 நஷ்டம். வாடகை 24,000 இருந்தது 12,000 ஆகிறது. மாதம் இருமுறை குடும்பத்தோடு ஊருக்கு வந்துபோன பஸ், ரயில் செலவு 6,000 நின்றுவிடுகிறது. மிச்சம் 18,000. பைசா குறையவில்லை, கூடவே ஊர்ச் சாப்பாடு. அப்பா சொன்னது சரிதான் போல!

இப்போது ஐந்து வருடம் தள்ளிப் பாருங்கள். இரண்டு சம்பளமும் வருடத்துக்கு 10% ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 18,000 வித்தியாசம் சுமார் 29,000 ஆகிவிடும். வாடகையில் மிச்சமாகும் 12,000, வருடம் 5% ஏறினால், சுமார் 15,300தான் ஆகும். மிச்சம் நடந்து வருகிறது, நஷ்டம் பைக்கில் போகிறது. பி.எஃப். உங்கள் அடிப்படைச் சம்பளத்தின் மேல் பிடிக்கப்படுகிறது என்றால், அடிப்படை குறையும்போது அதுவும் சேர்ந்து குறையும்.

இன்னொன்று. மூன்று வருடம் கழித்து சென்னைக்கே திரும்ப நினைத்தால், இன்டர்வியூவில் எச்.ஆர். கேட்கும் முதல் கேள்வி "கரண்ட் சி.டி.சி. எவ்ளோ?" என்பதுதான். நீங்கள் ஊருக்காகக் குறைத்துக்கொண்ட சம்பளம், ஊரை விட்டுக் கிளம்பினாலும் கூடவே வரும்.

அடுத்த வேலை எங்கே?

முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். ஓ.எம்.ஆரில் வேலை போனால், அல்லது மேனேஜரோடு ஒத்துவரவில்லை என்றால், எதிர்ச்சாரியில் இன்னொரு கம்பெனி இருக்கும். வீடு மாற வேண்டாம், பிள்ளையின் ஸ்கூல் மாற வேண்டாம். மதுரையில் உங்கள் வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகளை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஜாவா டெவலப்பர் என்றால் சில விரல்கள் மடங்கும். டேட்டா சயின்ஸ், சிப் டிசைன், விளம்பரம், பதிப்புத் துறை, சினிமா தொழில்நுட்பம் என்றால் ஒரு விரலாவது மடங்குமா பாருங்கள்.

ஒரு வேலை கிடைத்ததால் வரலாம் என்பது பாதிக் கணக்கு. அந்த வேலை போனால் இதே ஊரில் எத்தனை கதவு தட்டலாம் என்பதுதான் மீதிப் பாதி. ஒரே ஒரு கதவு இருக்கும் ஊரில் சம்பள உயர்வு கேட்கவே வாய் வராது, இது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

இதையே வீட்டில் இருவரும் வேலைக்குப் போனால் இரண்டு முறை எண்ண வேண்டும். நடைமுறையில் கணவனுக்கு டிரான்ஸ்ஃபர் கிடைக்கிறது. "நீ அங்க வந்து தேடிக்கலாம்" என்று மனைவியிடம் சொல்லப்படுகிறது. மேலே போட்ட கணக்கில் மனைவி சென்னையில் 50,000 வாங்கினார் என்று சேருங்கள். ஒரு வருடம் வேலை கிடைக்கவில்லை என்றால் 6 லட்சம் போயிற்று. ரெஸ்யூமேயில் விழும் அந்த ஒரு வருட இடைவெளிக்கு விலை தனி. வாடகையில் மிச்சம் பிடிக்கும் 12,000 இதற்குப் பக்கத்தில்கூட வராது. வீட்டில் யாருடைய வேலை 'தேடிக்கலாம்' என்று விடப்படுகிறது என்பதை, வீடு பார்க்கும் முன்னாலேயே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. அவர் சென்னையிலேயே தங்கிவிட்டால் ஞாயிறு ராத்திரி பஸ் நிற்காது. ஏறுகிற ஆள்தான் மாறுவார்.

அதே சமயம், மதுரை எல்லோருக்கும் ஒற்றைக் கதவு ஊர் அல்ல. வழக்கறிஞர்களைக் கேளுங்கள். 2004 ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்தபின், தென் மாவட்ட வழக்குகளுக்காகச் சென்னையில் அறை எடுத்துத் தங்க வேண்டிய தேவை போனது. ஒரு நிறுவனம் உண்மையிலேயே இடம் பெயர்ந்தால் அதைச் சுற்றி ஒரு தொழில் சந்தையே உருவாகும் என்பதற்கு அது நல்ல உதாரணம். மருத்துவத் துறையும் அப்படித்தான். 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, அரசு ராஜாஜி மருத்துவமனை, பெரிய தனியார் மருத்துவமனைகள் என்று டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியனுக்கு இங்கே கதவுகள் பல. ஆசிரியர், வங்கி ஊழியர், ஆடிட்டர், சொந்தத் தொழில் செய்பவர் ஆகியோருக்கும் மதுரை தைரியமாக வரக்கூடிய ஊர்தான்.

வரியில் ஏதாவது மாறுமா?

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மாறும். வீட்டு வாடகைப் படி விலக்குக்கு சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 50% வரை உச்சவரம்பு, மதுரையில் 40%. ஆனால் இதைக் கண்டு பயப்பட வேண்டாம். வாடகையில் இருந்து அடிப்படைச் சம்பளத்தின் 10%ஐக் கழித்தால் வரும் தொகைதான் பெரும்பாலும் குறைவாக இருக்கும், விலக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். வாடகை குறைந்தால் விலக்கும் தானாகக் குறையும். புதிய வரி முறையில் இந்த விலக்கே கிடையாது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு வித்தியாசம் நேரடியாகத் தெரியும். சென்னை 'எக்ஸ்' பிரிவு நகரம், வாடகைப் படி 30%. மதுரை 'ஒய்' பிரிவு, 20%. அடிப்படை 50,000 என்றால் மாதம் 5,000 குறையும்.

வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம்?

'மதுரை சின்ன ஊருதானே, எங்க இருந்தாலும் அரை மணி நேரம்' என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். வடபழஞ்சி மேற்கே தேனி சாலையில், இலந்தைகுளம் வடகிழக்கே ரிங் ரோடு பக்கம். ஒன்றில் வேலை, மற்றதன் பக்கம் வீடு என்றால் ஊரின் நெரிசல் முழுவதையும் தினமும் குறுக்கே கடக்க வேண்டும். 2023இல் திறந்த 7.3 கி.மீ. நத்தம் சாலைப் பாலம் அந்தப் பக்கத்துக்கு உதவியது. மாசி வீதிகளுக்கோ சிம்மக்கல்லுக்கோ எந்தப் பாலமும் உதவாது. மெட்ரோ இல்லாத ஊரில் டூவீலர்தான் உங்கள் மெட்ரோ.

அடுத்தது தண்ணீர். 2011இல் மாநகராட்சி 72 வார்டில் இருந்து 100 வார்டாக விரிந்தது. திருப்பரங்குன்றம், அவனியாபுரம், ஆனையூர் போன்ற பகுதிகள் அப்போதுதான் உள்ளே வந்தன. வாடகை குறைவாக இருப்பதும், புது வீடுகள் எழும்புவதும் இப்படிப்பட்ட பகுதிகளில்தான். குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரி வந்து சேரவில்லை. புரோக்கரிடம் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் "லாரி தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வாங்குவீங்க? போர் தண்ணி உப்பா?" என்று கேளுங்கள், ஒரே நிமிடத்தில் உண்மை வந்துவிடும்.

மழையையும் கேளுங்கள். 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் செல்லூர், நரிமேடு, பீ.பீ.குளம் பகுதிகளில் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. மதுரை கண்மாய்களின் ஊர். ஏரியா பெயரின் கடைசியில் 'குளம்' என்று முடிந்தால், ஒரு மழைநாளில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

குப்பை விஷயத்தையும் மறைக்க முடியாது. 2025 ஜூலையில் வெளியான தூய்மை நகரங்கள் தரவரிசையில், 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 40 நகரங்களில் மதுரைக்கு 40வது இடம். ஊர்ப்பாசத்தில் இதற்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன், என் வீட்டிலேயே எடுபடவில்லை.

சென்னைக் கம்பெனி, மதுரை வீடு. முடியுமா?

சம்பளமும் குறையாது, ஊரும் கிடைக்கும். எல்லோரும் கனவு காணும் ஏற்பாடு. ஆனால் 'வீட்டிலிருந்தே வேலை' என்பது வாய்ப்பேச்சில் இருக்கிறதா, அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் பணியிடம் என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாய்ப்பேச்சு என்றால் ஒரே மெயிலில் திரும்ப அழைத்துவிடுவார்கள். அப்போது பிள்ளைக்குக் கட்டிய ஸ்கூல் பீஸும் போகும், வீட்டு அட்வான்ஸும் இழுபறியாகும்.

வாரம் ஒருநாள் ஆபீஸ் போக வேண்டும் என்றால், தேஜஸ் ரயிலில் சென்னைக்கு சுமார் ஆறரை மணி நேரம். 2024 ஆகஸ்டில் தொடங்கிய மதுரை-பெங்களூரு வந்தே பாரத்தில் சுமார் எட்டு மணி நேரம். மாதம் ஒருமுறை என்றால் பரவாயில்லை, வாரம் ஒருமுறை என்றால் முதுகு சொல்லும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பகல் முழுக்க கரண்ட் இருக்காது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கிளையன்ட் காலுக்கு இன்வெர்ட்டர் தாங்குமா?

அப்படியென்றால் எதற்குத்தான் வர வேண்டும்?

பெரும்பாலும் அப்பா, அம்மாவுக்காக. எழுபது வயதில் சர்க்கரை, பிரஷரோடு தனியாக இருப்பவர்களை 460 கி.மீ. தள்ளி இருந்து வீடியோ காலில் பார்த்துக்கொள்வதன் விலையை எந்த எக்ஸெல் ஷீட்டிலும் போட முடியாது. நல்ல மருத்துவமனைக்கு அரை மணி நேரத்தில் கூட்டிப்போகலாம். தாத்தா, பாட்டி இருந்தால் குழந்தையை டே-கேரில் விட வேண்டிய அவசியமும் குறையும். மனைவியின் வேலைக்கு மதுரையில் கதவு இருந்தால், இதுவே அவருக்குப் பெரிய துணையாகவும் இருக்கும். தீபாவளி டிக்கெட்டுக்காக 60 நாள் முன்னாடி அலாரம் வைத்து எழும் வேலையும் மிச்சம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி, தங்கைக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. நள்ளிரவு பசிக்கு என்ன கிடைக்கும் என்று மதுரையில் யாரும் கேட்பதில்லை.

இந்தக் காரணத்துக்காக வருகிறீர்கள் என்றால், சம்பளக் குறைவைத் தெரிந்தே கொடுக்கும் விலையாக எடுத்துக்கொள்ளலாம். 'செலவு குறையும், பணம் சேரும்' என்று மட்டும் நினைத்து வருகிறவர்கள்தான் மூன்றாவது வருடத்தில் மனக்கசப்போடு நிற்பார்கள்.

கிளம்பும் முன்

பேப்பர் போடுவதற்கு முன் உங்கள் எச்.ஆரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். மதுரைக்கு மாறினால் கிரேடும் அடிப்படைச் சம்பளமும் அப்படியே இருக்குமா? ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டுமென்றால் சென்னையில் இடம் உண்டா? பதில் மெயிலில் வரட்டும். அதன்பின் மே மாதத்தில் ஒரு மாதம், லீவு போட்டோ வீட்டிலிருந்து வேலை பார்த்தோ, மதுரையில் இருந்து பாருங்கள். வெயில், தண்ணீர், நெட், டிராஃபிக் எல்லாம் அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். ஜூன் ஸ்கூல் அட்மிஷனுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பதால், வேலை தேடும் துணைவர் அந்த மாதத்திலேயே மதுரையில் இரண்டு இன்டர்வியூவாவது போய் வந்துவிட வேண்டும். இரண்டு இன்டர்வியூகூட அமையவில்லை என்றால், சென்னை வீட்டு ஓனரிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதீர்கள்.