உறுதி என் பெயரில், கடை யார் பெயரில்?

சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு இடியப்பத்துக்கு மா வறுத்துக்கொண்டிருந்தேன். என் தங்கச்சி வந்தாள். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் அவளுடைய வீட்டு உறுதி இருந்தது.

"ராத்தா, இவர் கட்டாரில ஒரு ரெஸ்டூரண்ட் வாங்கப் போறாராம். வீட்ட ஈடு வெச்சி இருவது இலட்சம் அனுப்பச் சொல்றார். எங்க போறது, எங்க ஒப்பம் வெக்கிறது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, ஒருக்கா கூட வாங்க" என்றாள்.

எங்கே ஒப்பம் வைப்பது என்று எனக்கு நன்றாகத் தெரியும். 2014ஆம் ஆண்டு நானும் வைத்தவள்தான். அந்த ஈட்டை மீட்டு முடிக்க எனக்குப் பத்து வருடங்கள் பிடித்தன.

அன்றிரவு அவளுக்குச் சொன்னவற்றையே சகோதரிகளுக்காக இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் கடை வாங்குவது ஆண்களின் விடயம் என்று நாம் ஒதுங்கி நிற்கிறோம். ஆனால் அதற்கான முதலில் பெரும்பங்கு எங்கிருந்து போகிறது? எமது காதிலும் கழுத்திலும் கிடந்த நகையிலிருந்தும், எமது பெயரில் இருக்கும் வீட்டிலிருந்துமே போகிறது.

உம்மா தேடித் தந்த வீடு

எமது ஊர் மருதமுனை. 1990ஆம் ஆண்டு வயலுக்குப் போன வாப்பா திரும்பி வரவில்லை. உம்மா தறியில் சாரி நெய்து எங்கள் இருவரையும் வளர்த்தார். எமது கரையோர ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் என்பது வழமை. ஆகவே நெய்த காசில் கடற்கரைப் பக்கம் ஒரு கல்வீடு கட்டினார். 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி அந்த வீட்டையும் தறியையும் கொண்டு போனது.

அதன்பின் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்ட முடியாது என்றார்கள். மாற்று வீடுகள் கொடுக்கப்பட்டபோது பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்று ஆண்களின் பெயரையே எழுதினார்கள். பெண்ணுக்குச் சீதனமாக வந்த வளவை இழந்தவர்களுக்குக் கூட அப்படித்தான் நடந்தது. எனக்கு மாப்பிள்ளை பேசி வந்த காலம் அது. உம்மா விடவில்லை. அலுவலகத்துக்கு நாலைந்து தரம் நடந்து, வீட்டை என் பெயரில் எழுதுவித்தார். போரும் கடலும் எடுத்தது போக எமது குடும்பத்தில் மிஞ்சியிருந்த ஒரே சொத்து அந்தக் காகிதம்தான்.

தம்மாமில் ஒரு தேநீர்க் கடை

என் கணவர் 2010இல் சவூதிக்குப் போனார். தம்மாமில் 'பூபியா' என்று அவர்கள் சொல்லும் ஒரு சிறிய கடையில் தேநீர் ஊற்றுவதும் முட்டை சாண்ட்விச் செய்வதும் அவர் வேலை. 2014இல் அந்தக் கடையே விலைக்கு வந்தது. விலை 90,000 ரியால். அவரிடம் 40,000 ரியால் சேமிப்பு இருந்தது. மீதி 50,000 ரியால் அன்றைய மதிப்பில் பதினேழரை இலட்சம் ரூபா அளவில் வந்தது. வீட்டை ஒரு தனியாரிடம் ஈடு வைத்துப் பதினைந்து இலட்சமும், என் நகைகளை விற்று மீதியும் அனுப்பினோம்.

கடை என்று நாம் எதை வாங்கினோம் என்பதை நான் அப்போது கேட்கவில்லை. பின்னர்தான் ஒவ்வொன்றாக விளங்கியது. கடையின் வர்த்தகப் பதிவு கபீலின் பெயரில். நகர சபை அனுமதி அவர் பெயரில். கட்டடக் குத்தகை அவர் பெயரில். வேலையாட்களின் விசாவும், என் கணவருடைய இகாமாவும் கூட அவர் பெயரில்தான். எமது பெயரில் இருந்தவை அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கடன் ஆகியவை மட்டுமே. மாதம் 2,000 ரியால் கபீலுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நாம் எடுக்கலாம் என்பது வாய்ப்பேச்சு. எழுத்தில் ஒன்றும் இல்லை.

இப்படி உள்நாட்டவர் ஒருவரின் பெயருக்குப் பின்னால் வெளிநாட்டவர் வியாபாரம் செய்வதைச் சவூதியில் 'தஸத்துர்', அதாவது மறைப்பு என்பார்கள். அது அங்கே குற்றம். 2004ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இரண்டு வருடம் வரை சிறையும் பத்து இலட்சம் ரியால் வரை அபராதமும் இருந்தன. ஆயிரக்கணக்கானோர் அப்படி நடத்தியதால் 'எல்லோரும் செய்கிறார்கள்தானே' என்று இவரும் இறங்கிவிட்டார்.

பொய் சொல்லக்கூடாது. மூன்று வருடம் கடை நன்றாக ஓடியது. ஈட்டுக்காரருக்கு மாதக் காசு தவறாமல் போனது. பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பு வந்தது. அந்த மூன்று வருடத்தைப் பார்த்துத்தான் ஊரில் பலரும் எங்களைப் போலச் செய்ய நினைத்தார்கள்.

2018 ஜனவரியில் அங்கே பெறுமதி சேர் வரி 5 வீதத்தில் தொடங்கியது. அதே வருடம் வெளிநாட்டுத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் மாதாந்தக் கட்டணம் கூட்டப்பட்டது. ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து 2020இல் ஓர் ஆளுக்கு 700, 800 ரியால் வரை போனது. மூன்று பேர் வேலை செய்யும் தேநீர்க் கடைக்கு இது எவ்வளவு பெரிய சுமை? 2020 மார்ச்சில் கொரோனா வந்து, உணவகங்களுக்குள் இருந்து சாப்பிடுவது தடுக்கப்பட்டது. ஜூலையில் வரி 15 வீதமானது. வாடகை மட்டும் நிற்கவில்லை.

2020 ஓகஸ்டில் மறைப்பு வியாபாரத்துக்கு எதிரான புதிய சட்டம் அங்கீகரிக்கப்பட்டது. ஐந்து வருடம் வரை சிறை, ஐம்பது இலட்சம் ரியால் வரை அபராதம், வெளிநாட்டவரானால் நாடு கடத்தல். தகவல் கொடுப்பவருக்கு அபராதத்தில் பங்கும் உண்டு. கபீல் பயந்துவிட்டார். டிசம்பரில் ஒருநாள் வந்து சாவியைக் கேட்டார். அவர் கெட்ட மனிதர் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்வதில்லை. தன் பெயரில் இருந்த தன் கடையை அவர் எடுத்துக்கொண்டார். சட்டத்தின் கண்ணுக்கு நடந்தது அவ்வளவுதான்.

முறையிட வழியிருக்கவில்லை. கடை எனது என்று சொல்லப் போனால், சட்டத்தை மீறி நடத்தினேன் என்பதையே முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எமது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் தொழிலாளியின் சம்பளத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் முகம் கொடுக்கும். பதிவில்லாத கடைக்கு அது என்ன செய்யும்? இவர் 2021இல் ஒரு பயணப்பெட்டியுடன் வீட்டுக்கு வந்தார்.

வரும்போது கூட்டாளி ஒருவரிடம் 6,000 ரியால் கடன் வைத்திருந்தார். 2022 தொடக்கத்தில் அது மூன்று இலட்சத்து இருபதாயிரம் ரூபா அளவில் இருந்தது. மார்ச்சில் ரூபா விழுந்தது. சில மாதத்தில் அதே 6,000 ரியால் ஐந்தரை இலட்சத்தைத் தாண்டியது. ஒரு ரியால் கூடக் கூடுதலாக வாங்காமலே கடன் கூடிவிட்டது.

உம்மா காப்பாற்றியது

அப்படியானால் வீடு எப்படித் தப்பியது? ஈடு வைத்த நாளில் உம்மாவும் என்னுடன் வந்திருந்தார். உறுதி எழுதி முடிந்து என்னை ஒப்பம் வைக்கச் சொன்னபோது, உம்மா இடையில் புகுந்து, "எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது மகன், ஆனா கேக்கத் தெரியும். முழுக்க வாசிச்சிக் காட்டுங்க" என்றார். வாசித்தபோதுதான் தெரிந்தது, அது ஈட்டு முறி அல்ல, அறுதியாக விற்கும் உறுதி. காசு கட்டினால் திருப்பி எழுதித் தருவதாக வாய்ச்சொல் மட்டுமே. உம்மா எழுந்துவிட்டார். ஒரு கிழமை இழுபறிக்குப் பின் ஈட்டு முறியாக எழுதினார்கள்.

இந்த வித்தியாசத்தைச் சகோதரிகள் மனதில் வைக்க வேண்டும். ஈட்டு முறியில் வீடு தொடர்ந்தும் உங்களுடையது. கடன் கட்டாவிட்டால் தனியார் ஒருவர் வழக்குப் போட்டுத்தான் விற்பிக்க முடியும். வங்கிகளுக்கு மட்டும் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, வழக்கில்லாமலே ஏலம் விடும் அதிகாரம் உண்டு. அறுதி உறுதியிலோ ஒப்பம் வைத்த நிமிடமே வீடு மற்றவருடையது. குறித்த தவணைக்குள் மீட்கலாம் என்ற நிபந்தனையுடன் எழுதும் உறுதியிலும், தவணை தப்பினால் வீடு போய்விடும். வெற்றுத்தாளில் ஒப்பம் கேட்டாலும், கணவர் பெயரில் அற்றோணித் தத்துவம் கேட்டாலும் உடனே கொடுக்க வேண்டாம்.

ஈட்டை நான் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தும், இவர் கல்முனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து போட்டும் 2024இல்தான் மீட்டோம்.

இப்போது சட்டம் மாறிவிட்டதா?

தங்கச்சியின் கணவர் சொன்ன பதிலும் இதுதான்: "அது பழைய காலம். இப்ப வெளிநாட்டாளே முழுசா வாங்கலாம்."

பாதி உண்மை. கட்டாரில் 2019ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டவர் நூறு வீதம் வரை உரிமை வைத்திருக்க இடமுண்டு. ஐக்கிய அரபு இராச்சியத்திலும் 2021 முதல் பல தொழில்களுக்கு உள்நாட்டுப் பங்காளி 51 வீதம் வைத்திருக்கத் தேவையில்லை. ஆனால் கட்டாரில் அமைச்சின் அனுமதி பெற வேண்டும். சட்டம் இடம் தருகிறது என்பதும், நீங்கள் வாங்கும் கடைக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. அனுமதி எடுக்கச் செலவாகும் என்று பழைய வழியிலேயே, இன்னொருவர் பெயரில் வாங்குவோரும் இருக்கிறார்கள்.

இன்னுமொரு பொறி காசோலை. வளைகுடாவில் கட்டட வாடகைக்கு மாதாமாதம் திகதியிட்ட காசோலைகளை முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்கள். கட்டாரில் பணமில்லாமல் காசோலை திரும்பினால் அது குற்றவியல் வழக்கு. பயணத் தடையும் வரலாம். கடை நட்டப்பட்டால் மூடிவிட்டு ஊருக்கு வரலாம் என்று எண்ணுகிறோம். வர விடமாட்டார்கள்.

இலண்டனிலும் கனடாவிலும் எம்மவர் தமது பெயரிலேயே உணவகம் நடத்துகிறார்கள். அங்கே கபீல் இல்லை. ஆனால் பல வருடக் குத்தகைக்குச் சொந்தப் பொறுப்பில் பிணை கேட்பார்கள். கடை மூடினாலும் வாடகைப் பொறுப்பு ஆளை விடாது.

தூரத்துக்கு ஏன் போக வேண்டும்? எமது மாவட்டத்திலேயே பொத்துவில் அறுகம்பையில் வெளிநாட்டவர் உள்ளூர்க்காரர் பெயரில் கடை நடத்துகிறார்கள் என்று எமது ஆட்கள் முறையிடுகிறார்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு இங்கே காணி எழுதிக் கொடுக்க முடியாது. அங்கே கபீலாக இருப்பவர் எமது ஊரவர். நாளை அவர் மனம் மாறினால் அந்த வெளிநாட்டவருக்கு என்ன நடக்குமோ, அதுவே தோஹாவில் எமது பிள்ளைகளுக்கும் நடக்கும்.

ஒப்பம் வைக்கும் முன் கேளுங்கள்

1. வர்த்தகப் பதிவு, நகர சபை அனுமதி, கட்டடக் குத்தகை இம்மூன்றும் யார் பெயரில்? பிரதிகளை அனுப்பச் சொல்லுங்கள்.

2. கணவருடைய விசா, அவர் கடைக்குச் சொந்தக்காரராக இருக்க அனுமதிக்கிறதா? பங்கு என்றால் எத்தனை வீதம், எந்தப் பத்திரத்தில்?

3. குத்தகை முடிய எத்தனை மாதம் உண்டு? கட்டடக்காரர் புதியவரை ஏற்றுக்கொண்டாரா?

4. பழைய முதலாளி வைத்த வாடகை, மின்சாரம், வேலையாள் சம்பளம், அபராதம் ஆகிய பாக்கிகளை யார் கட்டுவது?

5. ஓடும் கடையை ஏன் விற்கிறார்? ஆறு மாதக் கணக்கைக் காட்டுவாரா?

6. காசோலை எத்தனை கொடுக்கப்படும், யாருடைய ஒப்பத்துடன்?

7. கடை ஆறு மாதம் பூட்டிக் கிடந்தால் ஈட்டுக் காசை எதிலிருந்து கட்டுவது?

8. இங்கே நான் ஒப்பம் வைப்பது ஈட்டு முறியா, அறுதி உறுதியா?

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் உறுதியைக் காட்டி விளக்கம் கேட்கலாம். யுத்தத்திலோ சுனாமியிலோ உறுதி தொலைந்திருந்தால், பதிவு செய்யப்பட்டதன் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுத்து வையுங்கள்.

தங்கச்சி அந்த எட்டுக் கேள்விகளையும் கொப்பியில் எழுதிப் படம் பிடித்துக் கணவருக்கு அனுப்பினாள். முதலாவது கேள்விக்கு வந்த பதில்: "கூட்டாளிட கபீல் பேர்ல." மற்றவற்றுக்குப் பதில் இல்லை. ஒரு கிழமையாக அவர் கோல் எடுப்பதுமில்லை. மாமியும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. "புருஷன் முன்னேறுறது பிடிக்காதவள்" என்று சொன்னாராம்.

அவள் அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவளுடைய கணவர் ஏமாற்றுக்காரர் அல்ல. வெயிலில் உழைத்து உழைத்து, ஒரு நாளாவது முதலாளியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர். என் கணவரும் அப்படித்தான் ஆசைப்பட்டார். அதனால் நேற்றிரவு இவரையே அவருக்குக் கோல் எடுக்கச் சொன்னேன். இரண்டு பேரும் வெகு நேரம் கதைத்தார்கள். கடைசியில் அவர், கூட்டாளியிடம் கடதாசிகளைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றாராம்.

கடதாசிகள் வரட்டும், பார்ப்போம். அதுவரை தங்கச்சியின் உறுதி என் அலுமாரியில், என்னுடைய உறுதிக்குப் பக்கத்தில் இருக்கிறது.