பின்சக்கரத் தடுப்புத் தட்டு இறுகிக்கொண்டால் கழற்றுவது எவ்வாறு?

கராஜ்களில் டிஸ்க் அல்லது றோட்டர் என அழைக்கப்படுவதே தடுப்புத் தட்டு ஆகும். இது வார்ப்பிரும்பினால் ஆனது. சக்கரத்தின் ஹப்பின் மீது பொருத்தப்பட்டிருக்கும். "இறுகிய தட்டை எவ்வாறு கழற்றுவீர்?" என வினவப்பட்டால் "சுத்தியலால் தட்ட வேண்டும்" என ஒரே வரியில் விடை எழுதும் மாணவர் பலர். இறுகியதற்கான காரணத்தை முதலில் அறிய வேண்டும் என்பதே இங்கு எதிர்பார்க்கப்படும் விடையாகும்.

முன்சக்கரத்தில் காரணம் பெரும்பாலும் துரு மாத்திரமே. பின்சக்கரத்தில் இரண்டாவது காரணம் ஒன்றும் உண்டு. பல வாகனங்களில் பின்தட்டின் நடுப்பகுதி ஒரு சிறு உருளை போல உள்ளே குடையப்பட்டிருக்கும். ஹான்ட் பிறேக்கின் இரு சூக்களும் அதனுள்ளேயே விரிகின்றன. நீண்டகாலப் பாவனையில் உருளையின் உட்சுவர் தேய்ந்து, விளிம்பில் மட்டும் தேயாத ஒரு வரம்பு எஞ்சும். தட்டை வெளியே இழுக்கும்போது சூக்கள் இவ்வரம்பில் கொளுவிக் கொள்ளும்.

எது காரணம் என்பதைக் கண்டறிதல் கடினமன்று. வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வைத்து, ஜக்கினால் உயர்த்தி ஸ்ராண்டின் மீது இருத்துக. ஜக்கை மட்டும் நம்பி வேலை செய்தல் கூடாது. பின்னர் ஹான்ட் பிறேக்கை முற்றாகத் தளர்த்துக. சக்கரம், கலிப்பர், அதன் தாங்கி என்பவற்றைக் கழற்றுக. கலிப்பரைக் கம்பியினால் கட்டித் தொங்கவிட வேண்டும். பிறேக் குழாயில் தொங்கவிட்டால் குழாய் பழுதடையும். ஹொண்டா வாகனங்கள் பலவற்றில் தட்டை ஹப்புடன் பிடிக்கும் இரு சிறு திருகாணிகள் உண்டு. அவற்றை மறந்துவிட்டு இழுப்போரும் உளர்! இனித் தட்டை இழுத்துப் பார்க்க. சில மில்லிமீற்றர் வெளியே வந்து நின்றால் சூக்களே தடை. சிறிதும் அசையாவிடின் துருவே முதற் காரணம்.

சூக்கள் தடையாயின் விசையைப் பிரயோகிக்கக் கூடாது. சூக்களைப் பிடித்திருக்கும் ஊசிகளும் விற்களும் பிடுங்கப்பட்டுவிடும். தட்டின் முகத்திலோ பின்தகட்டிலோ இறப்பர் அடைப்பான் இடப்பட்ட ஒரு துவாரம் இருக்கும். அதனூடாகத் தட்டையான திருகாணிச் செலுத்தியைச் செலுத்தி, உள்ளேயுள்ள சரிசெய்யும் பற்சில்லைச் சுழற்றி சூக்களைச் சுருக்க வேண்டும். சுழற்றும் திசை வாகனத்துக்கு வாகனம் மாறுபடும். தட்டு மேலும் இறுகினால் எதிர்த்திசையில் சுழற்றுக.

துருவின் கதை வேறு. இரும்பு, ஒட்சிசனுடனும் நீருடனும் தாக்கமுற்று நீரேறிய பெரிக்கு ஒட்சைட்டு உண்டாகிறது. இதன் கனவளவு, தாக்கமுற்ற இரும்பின் கனவளவைப் போல் இரு மடங்கிலும் அதிகம். ஆகவே ஹப்புக்கும் தட்டுக்கும் இடையிலான சிறு இடைவெளியில் துரு ஆப்புப் போல இறுகிவிடுகிறது. உப்புக் காற்று வீசும் கரையோரங்களில் இது விரைவாக நிகழும். நடுத்துளையைச் சுற்றியுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, ஊடுருவும் எண்ணெய் இட்டுச் சிறிது நேரம் விடுக. மயிர்த்துளைத் தன்மையால் எண்ணெய் உட்செல்லும். எண்ணெய் உராய்வு மேற்பரப்பில் படக்கூடாது.

அதன் பின்பும் வராவிடின், தட்டின் முகத்திலுள்ள இரு புரித் துவாரங்களைத் தேடுக. யப்பானிய வாகனங்கள் பலவற்றில் இவை 8 மி.மீ. விட்டமும் 1.25 மி.மீ. புரியிடைத் தூரமும் உடைய போல்ட்டுகளுக்கு ஏற்றவை. போல்ட்டின் நுனி ஹப்பை அழுத்த, தட்டு வெளியே தள்ளப்படும். ஸ்பானரின் நீளம் 150 மி.மீ., எத்தனம் 50 நியூற்றன் எனக் கொள்வோம்.

வேக விகிதம் = 2 × 3.14 × 150 ÷ 1.25 = 753.6

உராய்வு காரணமாக வினைத்திறன் 15 சதவீதம் எனக் கொண்டால்,

பொறிமுறை நயம் = 753.6 × 0.15 = 113.04

சுமை = 113.04 × 50 = 5,652 நியூற்றன்

இது ஏறத்தாழ 565 கிலோகிராம் திணிவின் நிறைக்குச் சமன். ஒரு கையால் இவ்வளவு விசை கிடைப்பதே திருகாணியின் சிறப்பு. இரு போல்ட்டுகளையும் மாறி மாறி அரைச் சுற்று வீதம் சுழற்றுக. ஒன்றை மட்டும் முறுக்கினால் தட்டு சாய்ந்து மேலும் இறுகும்.

சுத்தியல் முற்றாக விலக்கப்பட்டதன்று. முளையாணிகளுக்கு இடையே, நடுப்பகுதியின் மீது, இறப்பர் அல்லது செப்புச் சுத்தியலால் மெதுவாகத் தட்டித் தட்டைச் சுழற்றிவர, துரு உடையும். உருக்குச் சுத்தியலால் பலமாக அடித்தால் அவ்வதிர்வு பெயரிங்கின் ஓடுபாதையில் குழிகளை உண்டாக்கும். உராய்வு மேற்பரப்பில் அடித்தால் தட்டும் வெடிக்கலாம். சுவாலையால் வெப்பமேற்றுவதும் தவறு. பெயரிங்கின் கிறீசும் சக்கர வேக உணரியும் பழுதடையும்.

கழற்றிய பின் உள்ளே சேர்ந்துள்ள தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதுதல் கூடாது. பழைய சூக்களில் கல்நார் இருந்திருக்கக்கூடும். அதைச் சுவாசித்தல் நுரையீரலுக்குத் தீங்கானது. ஈரத்துணியால் துடைத்தெடுக்கவும்.

மீளப் பொருத்துமுன் ஹப்பின் முகத்தைத் துருவின்றிச் சுத்தம் செய்க. எஞ்சிய சிறு துருத் துணிக்கை கூடத் தட்டைச் சாய்த்துவிடும். பிறேக் மிதிக்கும்போது மிதி அதிர்வதற்கு இது ஒரு காரணம். தட்டில் பொறிக்கப்பட்டுள்ள மிகக் குறைந்த தடிப்பை விட அது தேய்ந்திருப்பின் புதியது இடவேண்டும். சுருக்கிய சூக்களை மீண்டும் சரிசெய்து, ஹான்ட் பிறேக் சக்கரத்தைப் பிடிக்கிறதா எனப் பார்த்த பின்னரே வாகனத்தைத் தரையில் இறக்குக.

பயிற்சி: மேற்படி கணிப்பில் ஸ்பானரின் நீளம் 200 மி.மீ. ஆயின், அதே சுமைக்குத் தேவையான எத்தனம் யாது? (விடை: 37.5 நியூற்றன்)