உஷார்! புதுத் தரைக்கு உப்புத் தண்ணீரா?

மரக்காணம் பக்கம் வீடு கட்டுகிறவர்களே, தரை போட மேஸ்திரிக்கு நாள் சொல்லிவிட்டீர்களா? கொஞ்சம் பொறுங்கள். முதலில் உங்கள் போர்த் தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரிக்கிறதா? அதைக் கலவையில் ஊற்றாதீர்கள். போட்ட தரையில் தேக்கவும் தேக்காதீர்கள்!

“குடிக்கத்தானே ஆகாது, தரை நனைக்க என்ன கேடு?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பேச்சுதான் ஆபத்து. காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 (2000 ஆம் ஆண்டுப் பதிப்பு), கடல் நீரைக் கலவைக்கும் கியூரிங்குக்கும் (போட்டதை ஈரமாக வைத்து இறுகவிடுவது) பரிந்துரைப்பதில்லை. கம்பி உள்ள காங்கிரீட் என்றால் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கம்பி இல்லாததற்கு 2,000. கடல் நீரில் இது 19,000 அளவில் இருக்கிறது. உப்புப் பாத்தியில் காய்ச்சிய தண்ணீர் அதைவிடப் பல மடங்கு.

“தரையில் கம்பி ஏது?” மாடியில் தரைப் பூச்சுக்கு அடியில் தளம் இருக்கிறதே, அதில் கம்பி இருக்கிறது. மேலே பாத்தி கட்டித் தேக்கிய உப்புத் தண்ணீர் மெல்ல இறங்கி அதைத் தொடும். துருப்பிடித்த கம்பி பருத்து, காங்கிரீட்டை வெடிக்கவைத்துப் பெயர்க்கும். விழுவது கீழே உட்கார்ந்திருப்பவர் தலையில். கீழ்த்தளத்துக்கு வேறு தொல்லை. தரை உலர உலர உப்பு மேலே ஏறி வெள்ளையாகப் பூக்கும். ஐப்பசி மழையில் காற்றின் ஈரத்தை இழுத்துத் தரை பிசுபிசுக்கும்.

அடுத்த எதிரி வெயிலும் காற்றும். கோடையில் உப்பளப் பாத்தித் தண்ணீரை வற்றவைத்து உப்பாக்கும் அதே கடற்காற்று, பச்சைத் தரையின் ஈரத்தையும் குடித்துவிடும். சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகும். பாதியில் ஈரம் போனால் அந்த வேலையும் பாதியில் நின்றுவிடும். மட்டம் தட்டிய சில மணி நேரத்திலேயே மயிரிழை வெடிப்பு ஓடுவதும் ஈரம் இப்படி வேகமாகப் போவதால்தான். மத்தியான வெயிலில் தரை போடுவதைத் தவிருங்கள். ஜன்னல், வாசல் திறப்புகளைத் தார்ப்பாயால் மறையுங்கள். பழைய தளத்தை முன்னதாகவே நல்ல தண்ணீரால் நனைத்து வையுங்கள், இல்லாவிட்டால் அதுவும் கீழிருந்து உறிஞ்சும். மேலே தண்ணீர் மினுங்குகிறதென்று உலர்ந்த சிமெண்டைத் தூவித் தேய்க்கும் பழக்கம் வேறு! பளபளப்பு சில மாதம். பிறகு பொருக்கு பொருக்காக உரியும்.

மினுக்கம் அடங்கியதும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். மறுநாள் கெட்டியானதும் ஈரச் சாக்கு விரிக்கலாம், பாத்தி கட்டியும் தேக்கலாம். சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், வறண்ட வெயிலில் 10 நாள். இப்போது கடைகளில் பரவலாக விற்கும் பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசலானா சிமெண்ட்) வகைக்கு 14 நாள் வரை விட்டால் நல்லது. காலையில் ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம் ஊற்றி நடுவில் காயவிடுவது கியூரிங் ஆகாது. அந்த நாட்களில் தரைமேல் கலவை குழைப்பது, சிமெண்ட் மூட்டை அடுக்குவது, சாரப் பலகையை இழுப்பது எல்லாவற்றுக்கும் தடை போடுங்கள். உப்பு மூட்டையை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது இங்குள்ள உப்பளங்கள் மூழ்கின. அப்படி வெள்ளம் ஏறிய வீட்டில் தரையைப் புதிதாகப் போடுகிறவர்கள், பழைய தளத்தை நல்ல தண்ணீரால் பலமுறை கழுவிய பிறகே கலவையைக் கொட்டச் சொல்லுங்கள். கடற்கரை மணலை இலவசமென்று அள்ளி வந்து கலக்கும் வேலையும் வேண்டாம்.

நாக்குக்குத் தெரியாத அளவிலும் உப்பு இருக்கலாம். அதனால் ஒரு பாட்டில் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து குளோரைடு அளவை எழுதி வாங்குங்கள். தேறாவிட்டால் நல்ல தண்ணீர் லாரிக்கான பணத்தை எஸ்டிமேட்டிலேயே சேருங்கள். தண்ணீர் விஷயம் முடிவாகும்வரை மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.